செய்துகாட்டியவர்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்

பட்டா மாறுதலுக்காக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று நாள் காத்துக் கிடந்தேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. 58 சென்ட் நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே நிற்கிறது. முதல் நாள் சர்வேயர் வரவில்லை. இரண்டாம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் சரியாகிவிட்டன, என் மனுவைத்தான் காணோம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். எதையோ என்ன, தெற்கு இத்தாலியில் லெட்டினோ என்ற மலைக்கிராமத்தில் 1877இல் நடந்த கதை. இருபத்தைந்து, இருபத்தாறு பேர் துப்பாக்கியும் கொடியுமாக ஊருக்குள் வருகிறார்கள். ஊர் அலுவலகத்தில் இருந்த நிலப் பதிவேடுகள், வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுக் கொளுத்துகிறார்கள். ஊரே கூடி நின்று பார்க்கிறது.

தலையை நிமிர்த்தினேன். எதிர் அலமாரியின் மேல் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த லெட்டினோக்காரர்கள் ஏன் கைதட்டினார்கள் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது.

அந்தத் தீயை மூட்டியவர்கள் அரசின்மைவாதிகள், அதாவது அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகள். அவர்கள் செய்ததற்கு அந்தக் காலத்திலேயே ஒரு பெயர் உண்டு. தமிழில் இப்போது 'செயல்வழிப் பரப்புரை' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை; ஆனால் அரசாணை வாசனை அடிக்கிறது. பிரெஞ்சில் 'புரொப்பகாந்த் பார் ல ஃபே' என்பார்கள். 'ஃபே' என்ற சொல்லுக்குச் செயல் என்றும் பொருள், நடந்து முடிந்து கண்முன் நிற்கிற ஒன்று என்றும் பொருள். நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வினைச்சொல் இருக்கிறது: செய்துகாட்டுவது. 'வாயில் சொல்லாதே, செய்துகாட்டு' என்கிறோமே, அதுதான். இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. 'காட்டு' என்று வந்துவிட்டால் எதிரே பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த விவகாரத்தின் வரலாறு முழுக்க அந்த எதிராளியைத் தேடியதாகத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பேசிவிடலாம். அனார்க்கிசத்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு அராஜகவாதம். அ-ராஜகம், ராஜா இல்லாத நிலை. அகராதிப்படி சரியான சொல். ஆனால் 'அந்த ஏரியாவில் அவன் அராஜகம் தாங்கவில்லை' என்றால் நமக்கு ரௌடித்தனம்தான் ஞாபகம் வரும். இது தமிழின் குற்றம் மட்டுமல்ல. ஐரோப்பிய மொழிகளிலும் அந்தச் சொல்லுக்கு இதே கதிதான். அந்தக் கதிக்குக் கொள்கையின் எதிரிகள் பாதிக் காரணம் என்றால், நான் சொல்லப்போகும் ஆட்கள் மீதிப் பாதி.

வய்யான் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது பகத்சிங் வழியாக. எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் தொப்பி வைத்த பகத்சிங் படம் ஒன்று உண்டு; மீசையை அவரைப் போல வைக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. கல்லூரி நாளில் ஒரு மே தின ஊர்வலத்தில் யாரோ கையில் திணித்த சிறு பிரசுரத்தில், 1929 ஏப்ரல் 8ஆம் தேதி தில்லி மத்திய சட்டமன்றத்தில் அவரும் படுகேஷ்வர் தத்தும் வீசிய துண்டறிக்கையின் தமிழாக்கம் இருந்தது. செவிடர்களைக் கேட்கவைக்க உரத்த குரல் வேண்டும் என்று தொடங்குகிறது. அந்த வாசகம் பகத்சிங்கின் சொந்த வாசகம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வரியிலேயே அவர் கணக்குத் தீர்த்துவிடுகிறார்: இதே போன்றதொரு தருணத்தில் வய்யான் என்ற பிரெஞ்சு அரசின்மைவாதத் தியாகி சொன்ன சொற்கள் இவை என்று. யார் இந்த வய்யான் என்று கேட்டேன். பிரசுரம் கொடுத்த தோழருக்கும் தெரியவில்லை. "பிரெஞ்சுப் புரட்சியில் யாராவது இருக்கும்" என்றார். அங்கிருந்து பின்னோக்கிப் போய்த்தான் லெட்டினோவை வந்தடைந்தேன்.

லெட்டினோவுக்கும் ஒரு முன்கதை உண்டு. கார்லோ பிசகானே என்ற இத்தாலியர் 1857இல், எண்ணங்கள்தான் செயல்களிலிருந்து பிறக்கின்றன, செயல்கள் எண்ணங்களிலிருந்து பிறப்பதில்லை என்று எழுதி வைத்துவிட்டு, நேப்பிள்ஸ் அரசுக்கு எதிராக ஒரு சிறு படையோடு கடல்வழியாகப் போய் இறங்கினார். யாரைத் தட்டி எழுப்ப வந்தாரோ அந்த விவசாயிகளே இவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துத் தாக்கினார்கள். பிசகானேயின் கதை அங்கேயே முடிந்தது. பின்னால் வந்தவர்கள் அவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு நேர்ந்ததை அவ்வளவாக யோசித்த மாதிரி தெரியவில்லை. 1870இல் ரஷ்ய அரசின்மைவாதி பக்கூனினும், நம் கொள்கைகளைச் சொற்களால் அல்ல, செயல்களால் பரப்ப வேண்டும் என்று எழுதினார். 1876 டிசம்பரில் எர்ரிகோ மலட்டெஸ்டாவும் கார்லோ கஃபியேரோவும் சுவிட்சர்லாந்தின் அரசின்மைவாதத் தொழிலாளர் அமைப்பான ஜூரா கூட்டமைப்பின் இதழில் அதையே இத்தாலியக் கூட்டமைப்பின் கொள்கையாக அறிவித்தார்கள்: கிளர்ச்சிச் செயலே மிகப் பயனுள்ள பரப்புரை.

அறிவித்த நாலே மாதத்தில் இருவரும் மட்டேசே மலையில் ஏறினார்கள். கஃபியேரோ வசதியான குடும்பத்துப் பிள்ளை. தன் சொத்தையெல்லாம் இயக்கத்தில் கரைத்தவர். மலட்டெஸ்டாவுக்கு வயது 23. கூட்டத்தில் ஒருவன் காட்டிக்கொடுத்ததால் திட்டமிட்டதற்கு முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. சான் லுப்போவில் காவலர்களோடு துப்பாக்கிச் சண்டை. காயம்பட்டவர்களில் ஒரு காவலர் பிறகு இறந்துபோனார். ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை, லெட்டினோ. (தில்லியில் குண்டு விழுந்த அதே தேதி, 52 வருட இடைவெளி. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.) அரசர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலேயின் ஆட்சி முடிந்தது என்று அறிவித்தார்கள். கஃபியேரோ அந்த வட்டாரப் பேச்சிலேயே மக்களிடம் பேசினார். அரசரின் படத்தோடு பதிவேடுகளும் எரிந்தன. ஊர்ப் பாதிரியார் ஃபோர்ட்டினி, இவர்கள் ஆண்டவர் அனுப்பிய உண்மையான அப்போஸ்தலர்கள் என்று கூட்டத்திடம் சொன்னார். அப்புறம் பக்கத்து ஊரான கல்லோவுக்குப் போனார்கள். அங்கே மாவு மில்லில் அரைவைக்கு வரி வசூலிக்க அரசாங்கம் பொருத்தியிருந்த எண்ணும் கருவியை உடைத்தார்கள்.

இந்தக் கடைசி விவரத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். எந்திரக்கல் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அது எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கைக்கு ஏற்ப வரி. ரொட்டிக்கு மாவு அரைக்கும் ஏழைக்கு, அரசாங்கம் என்றால் அந்தப் பெட்டிதான். தலைநகரத்து அரசனை அவன் பார்த்ததில்லை. அந்தப் பெட்டி திரும்புவதைத் தினமும் பார்க்கிறான். அதை உடைத்தபோது, விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. உடைத்ததே விளக்கம். செய்துகாட்டுதல் என்ற எண்ணம் முழுமையாக வேலை செய்த இடம் என்று என்னைக் கேட்டால் அந்த மில்லைத்தான் சொல்வேன்.

ஆனால் யாரும் கூடச் சேரவில்லை. கைதட்டினார்கள், வாழ்த்தினார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். படை வந்தால் இந்த இருபத்தாறு பேர் மலையேறிவிடுவார்கள், வீடும் ஆடும் வைத்திருக்கிறவன் எங்கே போவான்? மூன்று நாள் மழையிலும் பனியிலும் அலைந்து, வெடிமருந்தெல்லாம் நனைந்து, ஒரு பண்ணை வீட்டில் ஒரு குண்டுகூடச் சுடாமல் பிடிபட்டார்கள். 1878 ஆகஸ்டில் பெனவெண்ட்டோ நகரில் விசாரணை. நடுவர் குழு விடுதலை செய்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1877 ஆகஸ்டில், பால் புரூஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஜூரா இதழில் எழுதிய கட்டுரை இந்த வழிமுறைக்கு அந்தப் பெயரையே தலைப்பாகச் சூட்டிவிட்டது. அவர் வாதம் எளிமையானது: வயலிலும் ஆலையிலும் நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் உங்கள் புத்தகத்தைப் படிக்கப்போவதில்லை, கண்ணால் பார்க்கிற ஒன்றை மறக்க மாட்டான். புரூஸ் பிறகு இந்தப் பாதையை விட்டுத் தேர்தல் சோஷலிஸ்ட் ஆகி, பாரிஸ் நகராட்சியில் உட்கார்ந்தார் என்பது தனிக் கதை.

கவனித்தீர்களா, இதுவரை வெடிகுண்டு என்ற பேச்சே வரவில்லை. அந்தப் பெயருக்குள் குண்டு எப்படிப் புகுந்தது?

கொஞ்சம் ரஷ்யாவிலிருந்து வந்தது. 1881 மார்ச்சில் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னனைக் கொன்றவர்கள் 'மக்கள் விருப்பம்' என்ற அமைப்பினர். அவர்கள் அரசின்மைவாதிகள் அல்ல. ஆனால் ஐரோப்பா முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அதே வருடம் ஜூலையில் லண்டனில் கூடிய அரசின்மைவாதிகள் மாநாடு, செயல்வழிப் பரப்புரையை ஏற்றுக்கொண்டதோடு, உறுப்பினர்கள் வேதியியல் படிப்பது நல்லது என்றும் தீர்மானம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாநாட்டில் காரசாரமாகப் பேசியவர்களில் செரோ என்பவரும் ஒருவர். அவர் பாரிஸ் போலீஸின் ஆள்.

பாரிஸ் போலீஸ் தலைவராக இருந்த லூயி ஆந்திரியே, அரசின்மைவாதிகளுக்குச் சொந்தப் பத்திரிகை இல்லாமல் கஷ்டப்படுகிறார்களே என்று, இந்த செரோ மூலம் பணம் கொடுத்து 1880இல் ஒரு பத்திரிகையே ஆரம்பித்துக் கொடுத்தார். லூயிஸ் மிஷேல் போன்ற உண்மையான போராளிகள் விஷயம் தெரியாமல் அதில் எழுதினார்கள். பிறகு அவர் நினைவுக்குறிப்புகளில் வெட்கமே இல்லாமல் எழுதினார்: அவர்களுக்குப் பத்திரிகை கொடுத்தது, சதியாலோசனை அறைக்கும் என் அலுவலகத்துக்கும் நடுவே தொலைபேசி இழுத்தது மாதிரி. தொலைபேசி புதிதாக வந்திருந்த காலம். மனிதர் உவமையைச் சுடச்சுடப் பிடித்திருக்கிறார். 1881இல் சான் ஜெர்மான் ஊரில் தியேரின் சிலைக்கு வெடி வைத்தபோதும் போலீஸுக்கு முன்கூட்டியே தெரியும். 1871இல் பாரிஸில் எழுந்த மக்களாட்சியான பாரிஸ் கம்யூனை ரத்தத்தில் மூழ்கடித்த அந்த மனிதரின் சிலையில் ஒரு கரும்புள்ளி விழுந்ததோடு சரி.

போலீஸ்தான் எல்லாவற்றையும் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. இயக்கத்தில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். குண்டு வைத்தவர்களில் பெரும்பாலோர் யாருடைய கூலியும் அல்ல. அவர்கள் நம்பித்தான் செய்தார்கள். ஆனால் குண்டு வைத்தவனுக்கும் போலீஸுக்கும் குண்டு பிடித்திருந்தது. இவனுக்குத் தன் கோபத்தைச் சொல்ல அது வேண்டியிருந்தது, அவனுக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது.

1892 முதல் 1894 வரையிலான பாரிஸைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ரவஷோலை வேகமாகக் கடந்துவிடுகிறேன். மே தினத் தொழிலாளர்களைத் தண்டித்த நீதிபதி, அரசு வழக்கறிஞர் இருவர் வீட்டுக்கும் குண்டு வைத்தவர். அதற்கு முன்பு பணத்துக்காகக் கிழத்துறவி ஒருவரைக் கொன்றவர். அவரைத் தியாகியாக்கிப் பாட்டுக் கட்டியவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. வய்யான் வேறு மாதிரி. வறுமையில் அடிபட்டு, அர்ஜென்டினா வரை போய்ப் பிழைக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியவர். ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். 1893 டிசம்பர் 9 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டெறிந்தார். பலருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. புகை அடங்குவதற்குள் அவைத் தலைவர் துய்ப்பூய், "கூட்டம் தொடர்கிறது" என்றார். வய்யான் நீதிமன்றத்தில் பேசியபோதுதான், அவர்கள் எவ்வளவு செவிடர்களோ அவ்வளவு உங்கள் குரல் இடிக்க வேண்டும் என்றார். பின்னால் அமெரிக்க அரசின்மைவாதி எம்மா கோல்ட்மன் இந்தப் பேச்சை ஆங்கிலத்தில் தன் கட்டுரை ஒன்றில் எடுத்துக்கொடுத்தார். அப்படித்தான் அது கடல் கடந்தது.

குண்டு விழுந்த மூன்றே நாளில் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் முதல் சட்டம் அதே மன்றத்தில் நிறைவேறியது. அந்த மாதமே இன்னொன்று, அடுத்த ஜூலையில் மூன்றாவது. எதிர்த்தவர்கள் இவற்றுக்கு 'அயோக்கியச் சட்டங்கள்' என்று பெயர் வைத்தார்கள். யாரையும் கொல்லாத வய்யானின் தலை 1894 பிப்ரவரி 5ஆம் தேதி வெட்டப்பட்டது.

ஒரே வாரம். பிப்ரவரி 12, மாலை. சான் லசார் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினஸ் காபிக்கடை. எமில் ஆன்றி, 21 வயது, நன்றாகப் படித்தவன், கம்யூன் போராளியின் மகன். அன்று மாலை இன்னும் சில பெரிய கடைகளை எட்டிப் பார்த்திருக்கிறான். போதுமான கூட்டம் இல்லை என்று விட்டுவிட்டான். டெர்மினஸில் சேர்ந்திசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தான். பீர் கேட்டான், இன்னொரு பீர், ஒரு சுருட்டு. காசையும் கொடுத்தான். அப்புறம் எழுந்துபோய் எறிந்தான். சுமார் 20 பேருக்குக் காயம், ஒருவர் இறந்தார். வீடு போகும் ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர்கள். கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள். நீதிமன்றத்தில் கேட்டபோது, மாதம் 300, 500 ஃபிராங்க் வாங்கும் அந்தக் குமாஸ்தாக் கூட்டம் முதலாளிகளைவிட மோசமான பிற்போக்குக் கூட்டம் என்று ஆன்றி விளக்கினான்.

நான் ஒரு குமாஸ்தாவின் மகன். அந்த விளக்கத்தை வாசிக்கும்போதெல்லாம், அந்தக் கடையின் மூலை மேசையில் டிபன் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு காட்சி வந்துவிடுகிறது. லெட்டினோ மில்லில் பெட்டியை உடைத்தபோது பார்த்துக்கொண்டிருந்தவனுக்காக உடைத்தார்கள். இங்கே பார்த்துக்கொண்டிருந்தவன் மேலேயே எறிந்துவிட்டான். இதை அதே பெயரால் அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அன்றைக்கே பலர் ஏற்கவில்லை. அரசின்மைவாதத்தின் பக்கம் நின்ற எழுத்தாளர் ஒக்தாவ் மிர்போ, அரசின்மையின் பரம எதிரிகூட இந்த எமில் ஆன்றியைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்று எழுதினார்.

கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் நடந்தது எனக்கு இதைவிட முக்கியம். 1892 ஜூலை, பிட்ஸ்பர்க் அருகே ஹோம்ஸ்டெட் இரும்பாலை. கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தவர், உருக்கு முதலாளி கார்னகியின் மேலாளர் ஹென்றி கிளே ஃபிரிக். அவர் கூலிக்குப் பிடித்த பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்கள் ஆற்று வழியாகப் படகில் வந்தபோது நடந்த சண்டையில் இரு பக்கமும் உயிர்கள் போயின. நாடே கொதித்தது, மக்கள் மனம் தொழிலாளர் பக்கம் இருந்தது. ஜூலை 23 அன்று 21 வயது அரசின்மைவாதி அலெக்சாண்டர் பெர்க்மன், ஃபிரிக்கின் அலுவலகத்துக்குள் நுழைந்து சுட்டார். பிறகு கத்தியாலும் குத்தினார். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார்.

பெர்க்மன் சிறையிலிருந்து வந்தபின் எழுதிய நினைவுகளில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த அறையிலேயே நடந்தது. கைகலப்பில் ஒருவன் ஓடிவந்து பெர்க்மனைச் சுத்தியலால் அடித்தான். அவன் போலீஸ் இல்லை, முதலாளி இல்லை. கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தச்சன். யாருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தாரோ அந்தத் தொழிலாளி. இரண்டாவது, சிறையில். ஹோம்ஸ்டெட் சண்டைக்காகவே கைதாகி உள்ளே இருந்த ஒரு தொழிலாளியைப் பார்த்ததும் பெர்க்மனுக்கு ஒரே பரவசம். நம் ஆள் என்று. அந்த ஆளோ, ஃபிரிக்கோடு உமக்கு ஏதோ வியாபாரத் தகராறு போல என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஹோம்ஸ்டெட்டுக்காகத்தான் என்று விளக்கியதும், அவர் இன்னும் தள்ளி நின்றார்: ஆலை விவகாரம் உமக்கு எதற்கு?

எனக்கு உடனே பெரியப்பா ஞாபகம். பஞ்சாலையில் 30 வருடம் வேலை, சங்கத்தில் பொறுப்பு. அவர் சொன்ன கதை: நீண்ட வேலைநிறுத்தம், முதலாளி இறங்கிவரும் நிலை. ஓர் இரவு யாரோ மேனேஜர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தான். மறுநாள் காலை சங்க ஆபீஸில் போலீஸ். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. "எறிஞ்சவன் நம்ம பயலா, மேனேஜர் வச்ச ஆளா, இன்னிவரைக்கும் தெரியலடா. எவன் எறிஞ்சா என்ன, கல்லு வந்து விழுந்தது எங்க மேலதான்" என்பார். ஹோம்ஸ்டெட் போராட்டத் தலைவர் ஹியூ ஓடொன்னலும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: பெர்க்மனின் தோட்டா அந்த வேலைநிறுத்தத்தின் இதயத்தைத் துளைத்துக்கொண்டு போனது என்று. ஒன்று சொல்ல வேண்டும்: ராணுவப் படை அதற்கு முன்பே ஹோம்ஸ்டெட்டில் இறங்கியாயிற்று. பெர்க்மன் சுடாவிட்டாலும் போராட்டம் தோற்றிருக்கலாம். ஆனால் தோற்றபிறகு காரணம் சொல்ல எதிராளிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

இன்னும் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் வருடக்கணக்காகக் குண்டுப் புகழ் பாடிக்கொண்டிருந்தவர் யோஹான் மோஸ்ட் என்ற பத்திரிகையாசிரியர். உண்மையில் ஒருவன் செய்துகாட்டியபோது மோஸ்ட் கேலி செய்தார். பெர்க்மனின் தோழி எம்மா கோல்ட்மன் ஒரு கூட்டத்துக்குச் சாட்டையோடு போய், மேடையிலேயே அவரை விளாசினார். வெடிமருந்து பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவருக்குக் கடைசியில் கிடைத்தது குதிரைச் சாட்டை.

விவாதம் உள்ளே பலமாக நடந்தது. நூற்றாண்டுகளாகக் கட்டிய வரலாற்றை நாலு கிலோ வெடிமருந்தால் இடித்துவிட முடியாது என்ற பொருளில் ரஷ்ய அரசின்மைவாதச் சிந்தனையாளர் கிரபோட்கின் எழுதினார். ஆனாலும் செய்தவர்களைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை, விரட்டிவிட்டவனை விட்டு விரக்தியடைந்தவனை ஏன் திட்ட வேண்டும் என்ற தயக்கம். மலட்டெஸ்டா இன்னும் தெளிவாக இருந்தார். லெட்டினோவில் தீ மூட்டிய அதே மனிதர் 1890களில், வெறுப்பை மூலதனமாக வைத்து விடுதலையைக் கட்ட முடியாது, தொழிலாளர் நடுவே போய் வேலை செய்யுங்கள் என்றார். பிரான்சில் பெர்னான் பெலூட்டியே 1895இல் அரசின்மைவாதிகளைத் தொழிற்சங்கங்களுக்குள் அழைத்தார். அதே வருடம் செஜெதே தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவானது. வேலைநிறுத்தம், புறக்கணிப்பு, வேலையை மெதுவாகச் செய்வது. இவையும் செய்துகாட்டல்தான். பார்க்கிறவனும் செய்கிறவனும் ஒரே ஆளாகிவிடுகிற செய்துகாட்டல்.

இதோடு கதை சுத்தமாக முடிந்தால் எனக்கும் சௌகரியம். ஆனால் கெய்டானோ பிரெஷ்ஷி இருக்கிறார். 1898 மே மாதம் மிலான் நகரில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்துத் திரண்ட மக்கள் மேல் தளபதி பாவா பெக்காரிஸ் பீரங்கி வைத்துச் சுட்டார். அரசுக் கணக்கிலேயே 80 பேர் சாவு. அரசர் உம்பெர்ட்டோ தளபதிக்கு விருது கொடுத்தார். அமெரிக்காவில் பேட்டர்சன் நகரில் பட்டு நெய்துகொண்டிருந்த பிரெஷ்ஷி, கப்பலேறி வந்து 1900 ஜூலை 29 அன்று மோன்சாவில் அரசரைச் சுட்டுக் கொன்றார். காபிக்கடை இல்லை, குமாஸ்தா இல்லை. யார் எதற்காக என்று இத்தாலிய ஏழை ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்குப்பின் வந்த ஆட்சி அடக்குமுறையைத் தளர்த்தியது உண்மை. அது பிரெஷ்ஷியால்தானா, ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்த காற்றாலா என்று இன்றும் வழக்கு ஓடுகிறது. கொலையை எந்நாளும் ஏற்காத டால்ஸ்டாய்கூட, இதில் வியப்பதற்கு அரசர்களுக்கு என்ன தகுதி என்ற தொனியில்தான் எழுதினார். பிரெஷ்ஷி அடுத்த வருடம் சிறையறையில் இறந்துகிடந்தார், தற்கொலை என்றார்கள். இவர் விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று பல முறை யோசித்திருக்கிறேன். சோற்றுக்கையால் ஒரு தீர்ப்பும் எழுத வரவில்லை.

பகத்சிங்குக்கு வருவோம். வய்யானின் வாசகத்தை எடுத்துக்கொண்டவர், வய்யானின் தவறுகளையும் படித்திருந்தார் என்றே நினைக்கிறேன். 1928இல் 'கிர்த்தி' பஞ்சாபி இதழில் அரசின்மைவாதம் பற்றித் தொடர் கட்டுரை எழுதியவர். தில்லியிலும் பார்வையாளர் மாடம்தான், சட்டமன்றம்தான். ஆனால் குண்டு ஆளில்லாத இருக்கைகளின் பக்கம் எறியப்பட்டது. சிலருக்குக் காயம். ஓடவில்லை. துண்டறிக்கையை வீசிவிட்டு, கோஷமிட்டுக்கொண்டு, பிடித்துக்கொள் என்று நின்றார்கள். சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாவை விட்டுவிட்ட குண்டு. கூடவே தாள். அந்தத் தாள்தான் முக்கியம்; இல்லையென்றால் அந்தச் சத்தத்துக்கு மறுநாள் அரசாங்கம் பொருள் சொல்லியிருக்கும். எதிர்த்துக் குண்டு போட்ட பொதுப் பாதுகாப்பு மசோதாவை வைசிராய் இர்வின் அதே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பாரிஸில் நடந்ததேதான்.

அதற்கு நாலு மாதம் முன்பு லாகூரில் சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரியைச் சுட்டார்கள்; அவர்கள் தேடிப்போனது ஸ்காட் என்ற வேறு அதிகாரியை. ஆள் மாறிவிட்டது. தூக்குமேடை அதற்காகத்தான் வந்தது. 1931 பிப்ரவரியில், தூக்குக்கு ஏழு வாரம் முன்பு, இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதிய மடலில், நான் பயங்கரவாதி அல்ல, புரட்சி வாழ்வின் தொடக்கத்தில் ஒருவேளை இருந்திருக்கலாம், அந்த வழிகளால் எதையும் பெற முடியாது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன் என்று எழுதினார். ஆலைக்கும் வயலுக்கும் போங்கள் என்றார். மலட்டெஸ்டா வந்துசேர்ந்த இடத்துக்கு இவர் 23 வயதிலேயே வந்துவிட்டார். முடிதிருத்தும் கடைப் படத்துக்குக் கீழே இந்த மடலையும் ஒட்டலாம், யார் ஒட்டுகிறார்கள்.

சென்னையில் பிறந்த அரசின்மைவாதி ஒருவர் உண்டு என்பதும் இதற்குள் தேடும்போதுதான் தெரிந்தது. எம். பி. டி. ஆச்சாரியா, 1887இல் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பம். புதுச்சேரி, இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸ், தாஷ்கண்டில் 1920இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்கம் என்று சுற்றி, அங்கே சண்டையிட்டுக்கொண்டு பெர்லின் போய், அரசின்மைவாதத் தொழிற்சங்கக்காரர்களோடு சேர்ந்தார். துப்பாக்கி பேசிய கூட்டத்தில் தொடங்கியவர் பிறகு உலகமெங்கும் சின்னச் சின்ன இதழ்களுக்குக் கட்டுரை எழுதியே காலம் கழித்தார். 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என் மனு நாலாவது நாள் கிடைத்தது. வேறொரு மூட்டைக்குள் போயிருந்ததாம். போன மாதம் பட்டாவும் வந்துவிட்டது, என் பெயரில். கணினி அச்சு, கீழே கியூ.ஆர். கட்டம் எல்லாம் இருக்கிறது. அப்பா பெயரில் மட்டும் ஒரு எழுத்து மாறிவிட்டது. திருத்தத்துக்கு மறுபடி மனு போட வேண்டும் என்றார்கள். லெட்டினோவில் பதிவேடுகள் எரிந்த மறுவாரம், யார் நிலம் எது என்று அந்த ஊர்க்காரர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.